முதல் மடை

சஜாவில் எங்கள் கேம்ப்புக்கு
ஒருநாள் விட்டு ஒருநாள் டேங்கர்.
ஏ பிளாக் மொட்டைமாடித் தொட்டியில் ஏற்றுவார்கள்.
அங்கிருந்து இரண்டங்குலக் குழாய் ஒன்று
எங்கள் கக்கூஸ் சுவரை ஒட்டி இறங்கி
சிவப்புக் கைப்பிடி வைத்த வால்வைத் தாண்டி
பி பிளாக்குக்குப் போகிறது.

நான் ஏ.
நிங்கராஜு பி.

அவனுக்கு மண்டியா பக்கம், கரும்பு.
எனக்குத் தலைஞாயிறு.
மூன்று வருஷமாக பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டு.
நாங்கள் செய்யுளுக்கு எடுத்துவைத்திருக்கும் 'நீர்' என்ற சொல்லை
அவன் வாளியோடு சொல்வான்:
நீரு பந்தா?

ஆகஸ்ட்டில் போனுக்குள் ஆறு வந்தது.
அவன் ஊரில் சாலையில் படுத்தார்கள்.
என் ஊரில் ரயிலுக்கு முன்னால் நின்றார்கள்.
எங்கள் நம்பர் பலகையோடு ஒரு லாரி எரிந்தது,
அதை இருபது பேர் எனக்கு அனுப்பினார்கள்.
மறுநாள் பஸ்ஸில் நிங்கராஜு
இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தான்.
இல்லை, முதலில் இடம் மாறியது நான்.

ஆறே இல்லாத நாடு இது.
அரைமணி தூரத்தில் கடல்,
அதைக் காய்ச்சித்தான் குளிக்கிறோம்.
இங்கேயும் கொண்டுவந்து இறக்கிவிட்டோம்
அந்த ஒற்றை ஆற்றை.

அப்புறம் டேங்கர் நின்றுபோனது.
கம்பெனி பில் கட்டவில்லை என்றார்கள்.
நாலு நாள். நாற்பத்தேழு டிகிரி.
அஞ்சாம் நாள் அரை டேங்கர் வந்தபோது
ஏ பிளாக் முழுக்க வராந்தாவில் நின்றது.
பைப் ஃபிட்டர் நான்தானே.
அடை, என்றார்கள்.
கால் சுற்று.
நிறுத்துவதற்கு அவ்வளவுதான் வேலை.

ராத்திரி பத்து மணிக்கு
காலி வாளியோடு நிங்கராஜு வந்தான்.
நான் சொன்னேன்:
எங்களுக்கே பத்தலை.

சொன்ன பிறகு
அந்த வார்த்தை வாயிலேயே கிடந்தது, கல் மாதிரி.
இதை நான் கேட்டிருக்கிறேன்.
வேறு மொழியில், மைக்கில், கைதட்டலோடு,
வருஷா வருஷம் ஜூன் மாதம்.
நான் கடைமடைக்காரன்.
தண்ணீர் திறந்த செய்தி வரும்,
தண்ணீர் வராது, எங்கள் வாய்க்காலுக்கு.
நாற்று கருகிய வருஷம்தான்
எனக்கு விசா எடுத்தது.

அவன் சண்டை போடவில்லை.
எஷ்டு இதெ? என்றான்.
எவ்வளவு இருக்கிறது?

அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை.

ஏணியில் ஏறினோம். அவன் போன் வெளிச்சம் பிடிக்க
நான் கம்பியை விட்டுப் பார்த்தேன்.
இரண்டு சாண்.
மேலே ஒரு புறா இறகு மிதந்தது.
எங்களில் நூற்று நாற்பது தலை, அவர்களில் தொண்ணூறு.
அவன் கன்னடத்தில் கணக்குப் போட்டான், நான் தமிழில்.
அவன் கணக்கில் அவர்களுக்குக் கூட வந்தது,
என் கணக்கில் எங்களுக்கு.
கீழே சோப்புப் பெட்டியோடு நின்றிருந்த
ராஜ்ஷாஹிக்காரன் ரஃபிகுல்
அரைகுறை இந்தியில் சொல்லிச் சிரித்தான்:
அடிச்சுக்கோங்க அண்ணன்மாரே,
உங்க தேசம் மொத்தமும் எனக்கு மேல்மடை.

நாங்கள் இருவரும்
அதைக் காதில் வாங்காத மாதிரி இறங்கினோம்.

பால் வால்வைப் பாதி திறந்து வைக்கக் கூடாது,
சீல் தேய்ந்துவிடும்,
ஐ.டி.ஐ.யில் முதல் வாரமே சொல்லித்தந்தது.
பாதி திறந்து வைத்தேன்.
விடியவிடியக் குழாய் இரைந்தது.
என் அறையில் ஆறு பேர்
இருட்டில் ஆளுக்கொரு கெட்டவார்த்தை சொன்னார்கள்,
எல்லாம் எனக்குத்தான், நல்ல தமிழில்.

காலை பஸ்.
நிங்கராஜு
அதே இரண்டு வரிசை தள்ளித்தான் உட்கார்ந்தான்.
திரும்பிப் பார்க்கவில்லை.

தலை ஈரமாக இருந்தது.